பனியன் துணி ஏன் முறுக்கிக்கொள்கிறது?

பருத்தி நூலில் பின்னிய டி-ஷர்ட் ஒன்றை நாலைந்து முறை துவைத்து மேசைமேல் விரித்தால், பக்கத் தையல் பெரும்பாலும் பழைய இடத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கத் தையல் வயிற்றை நோக்கியும், மற்றது முதுகை நோக்கியும் நகர்ந்திருக்கும். கீழ் மடிப்புக்கு வரும்போது அந்த நகர்வு மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தொட்டுவிடுவது அரிதல்ல. துணி கிழியவில்லை, சாயம் போகவில்லை, தையலும் பிரியவில்லை. ஆனாலும் உடுத்தியவருக்கு ஏதோ கோணலாகத் தெரிகிறது. திருப்பூர்த் தொழிலில் இதற்கு ஸ்பைராலிட்டி என்று பெயர். சிங்கிள் ஜெர்சி என்னும் எளிய ஒற்றைப் பின்னலில் இது அதிகம். ரிப், இன்டர்லாக் ஆகிய இரட்டைப் பின்னல்களில் ஏறத்தாழ இல்லை.

திருப்பூர்–பல்லடம் சாலையில் உள்ள வீரபாண்டி போன்ற பகுதிகளில் இந்தக் கேள்விக்கு ஒரே ஊருக்குள் பல விடைகள் கிடைக்கும். நிட்டிங் கொட்டகை, சாயப்பட்டறை, காம்பாக்டிங் யூனிட், கட்டிங், பவர்டேபிள் என்று வேலை துண்டுதுண்டாகப் பிரிந்து கைமாறும் தொழில் இது. திருப்பூரின் இந்த ஜாப் ஒர்க் வலைப்பின்னல் எப்படி உருவானது என்பதை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த வலைப்பின்னலின் ஒவ்வொரு கண்ணியிலும் கோணலுக்கு ஒரு விளக்கம் உண்டு. பெரும்பாலும் அது முந்தைய கண்ணியைச் சுட்டும் விளக்கம். தைப்பவர் கட்டிங் மாஸ்டரைச் சொல்வார், கட்டிங் மாஸ்டர் காம்பாக்டிங்கை, காம்பாக்டிங்காரர் சாயப்பட்டறையை, சாயப்பட்டறை நிட்டிங்கை, நிட்டிங்காரர் நூல்மில்லை. இவற்றில் எது எவ்வளவு சரி, எங்கே பிசகுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரை. எல்லா விடைகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவை சம எடை உள்ளவை அல்ல. கோணலைத் தள்ளும் விசை நூலில் பிறக்கிறது, அது அசைய இடம் தருவது லூப்பின் நீளம், அதை வெளியே விடுவது தண்ணீர். கடைசியில் செய்யப்படும் திருத்தங்கள் பெரும்பாலும் அதைத் தள்ளிப்போடுகின்றன. இதுவே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

கேள்வியின் வயது

இது ஏற்றுமதி யுகத்தில் முளைத்த கேள்வி அல்ல. டேவிஸ், எட்வர்ட்ஸ், ஸ்டான்பரி ஆகிய மூவர் 1934லேயே இங்கிலாந்தின் ஜவுளி ஆய்விதழில் பின்னல் துணியின் கோணலைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1950களில் ஆய்வின் திசை மாறியது. ஒரு சதுர அலகில் எத்தனை லூப் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது லூப்பின் நீளமே என்று டாயில் 1953இல் காட்டினார். நாட்டிங்காமில் இருந்த ஹோசியரித் தொழில் ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த மண்டன் 1959இல் அதை ஒரு முழு வாய்ப்பாடாக விரித்தார். அதன்பின் பின்னல் துணியின் அகலமும் நீளமும் எடையும் கணக்கிடக்கூடியவை ஆயின. கோணல் மட்டும் அந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காமல் வெளியே நின்றது. காரணம், மண்டனின் கணக்கு லூப்பைச் சமச்சீரான வடிவமாகக் கொள்கிறது. ஸ்பைராலிட்டியோ அந்தச் சமச்சீர் குலைவதிலேயே இருக்கிறது. அதைத் தனியே எடுத்து, நூல் நூற்கப்படும் முறையோடு பொருத்திப் பார்த்த முக்கியமான ஆய்வு டி அரௌஹோவும் ஸ்மித்தும் 1989இல் வெளியிட்ட இரு பகுதிக் கட்டுரை.

திருப்பூரில் இந்தக் குறை தாமதமாகவே குறையாகப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது. உள்நாட்டுச் சந்தைக்கான ஆண்கள் பனியன் பெரும்பாலும் குழாய் வடிவத் துணியை அப்படியே உடலாகக் கொண்டது. 75, 80, 85, 90 என்று மார்பளவு மாற மாற, அதற்கேற்ற டயா உள்ள மெஷினில் ஓட்டிய துணி போதும். பக்கத் தையலே கிடையாது. தையல் இல்லாத உடலில் லூப் வரிசை சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் நகர்வதில்லை. பக்கத் தையல் வைத்த டி-ஷர்ட் பெருவாரியாகத் தைக்கப்பட்டபோதுதான் அதே துணியின் அதே குணம் ‘ரிஜெக்ட்’ ஆவதற்கான காரணம் ஆனது. துணி கெட்டுப்போகவில்லை. அதைக் காட்டிக்கொடுக்கும் கோடு ஒன்று புதிதாக வந்தது.

நூலின் முறுக்கு

நிட்டிங்காரர்களும் ஆய்வாளர்களும் ஒத்துப்போகும் இடம் இதுதான். பஞ்சு நாரை முறுக்கித்தான் நூல் ஆக்குகிறோம். முறுக்கிய நார் திரும்பப் பிரியப் பார்க்கிறது. ஒரு கோனிலிருந்து ஒரு முழ நூலை இழுத்து இரு முனைகளையும் அருகே கொண்டுவந்தால் நடுவில் அது தானாகச் சுருண்டு பின்னிக்கொள்ளும். மில்லிலும் நிட்டிங்கிலும் முறுக்கு மீதியைப் பார்க்கும் எளிய சோதனை அது. நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பூட்டிவிடுவதால் இந்த விசை அடங்கிக் கிடக்கிறது. பின்னலில் லூப் வளைந்து நிற்கிறது, அதைப் பூட்ட எதுவுமில்லை. ஒவ்வொரு லூப்பும் ஒரே திசையில் கொஞ்சம் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான லூப்கள் ஒரே திசையில் திரும்பும்போது நெடுவரிசை முழுவதும் சாய்கிறது. வழக்கமான இசட் முறுக்கு நூலில் துணியின் முகப்பக்கம் வலது பக்கம் சாயும், எஸ் முறுக்கு நூலில் இடது பக்கம். ரிப்பிலும் இன்டர்லாக்கிலும் முன்முக லூப்பும் பின்முக லூப்பும் எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. அதனால் அவை நேராக நிற்கின்றன. இதைவிடத் தெளிவான சான்று நூல் கட்சிக்குத் தேவையில்லை: அதே நூல், அதே சாயப்பட்டறை, பின்னல் மட்டும் வேறு என்றால் கோணல் மறைகிறது.

ஹோசியரி நூலுக்கு மில்கள் முறுக்கைக் குறைத்தே கொடுக்கின்றன. முறுக்குப் பெருக்கி 3.5 என்று வைத்தால் 30ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்குச் சுமார் 19 சுற்று வரும். நெசவுப் பாவு நூலுக்கு 4.2 என்றால் அது 23 சுற்று. இன்னும் குறைக்கலாமே என்பது இயல்பான கேள்வி. குறைத்தால் நூல் பலவீனமாகும், மெஷினில் அறுந்து ஓட்டை விழும், துணியில் மயிர் எழும்பிப் பில்லிங் வரும். கோணலுக்கு மருந்தாக முறுக்கைக் குறைப்பதற்கு ஒரு தரை உண்டு, மில்கள் ஏற்கெனவே அதற்கு அருகில்தான் நிற்கின்றன.

மற்ற வழிகள் மூன்று. இரட்டை நூல் ஆக்கினால், ஒற்றை நூல்களின் முறுக்குக்கு எதிர்த்திசையில் அவற்றைச் சேர்த்து முறுக்குவதால் விசை சமப்படும். இதன் பலனைப் பற்றிப் பெரிய சர்ச்சை இல்லை. விலைதான் தடை. ஒரே எடைத் துணிக்கு இருமடங்கு மெல்லிய நூல் இரண்டை நூற்று, பிறகு சேர்த்து முறுக்க வேண்டும். இரண்டாவது, மெஷினில் நூல் ஊட்டும் ஃபீடர்களில் ஒன்றுக்கு எஸ், அடுத்ததற்கு இசட் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. கோணல் நன்றாகக் குறையும். ஆனால் எஸ் முறுக்கு நூல் தனிச் சரக்கு. கோன் மாறிப் போனால் துணியில் கோடு விழும். கோன் மாற்றுபவர் இரவுப் பணியில் தவறவே மாட்டார் என்ற நம்பிக்கையில் ஒரு முறையைக் கட்ட முடியாது. மூன்றாவது, நீராவியில் நூலைப் பதப்படுத்துவது. இது நிட்டிங் ஓட்டத்தைச் சீராக்கும், ஆனால் கோணலைத் தீர்க்கும் என்று சொல்வது மிகை. பருத்தி நாரில் நீராவி தற்காலிகமாக அமைத்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள், துணி மறுபடி நனைந்தவுடன் அவிழ்ந்துவிடும். பாலியஸ்டரைப் போல வெப்பத்தில் நிலைத்துவிடும் குணம் பருத்திக்கு இல்லை. ரிங் நூற்பின் வழியிலேயே முறுக்கு மீதியைக் குறைத்த ஒற்றை நூலை ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் நியூ-டார்க் என்ற பெயரில் உருவாக்கியது. வலுவைப் பெரிதாக இழக்காமல் முறுக்கைக் குறைக்க முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. ரோட்டர் நூலிலும் கோணல் குறைவு என்பது பரவலாகப் பதிவான முடிவு. அந்த நூலின் நார் அடுக்கு ரிங் நூலைப்போல ஒரே சீராக முறுக்கப்பட்டதல்ல. அதன் கரடான தொடுகையை எல்லா பையர்களும் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.

மெஷினின் பங்கு

சர்க்குலர் மெஷின்தான் காரணம் என்பவர்களின் வாதம் ஜியோமெட்ரியைச் சார்ந்தது. 90 ஃபீடர் உள்ள மெஷின் ஒரு சுற்று சுற்றினால் 90 குறுக்கு வரிசைகள் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. ஆகவே ஒவ்வொரு வரிசையும் படுக்கையாக இல்லாமல் சுருள்படியாக ஏறியே ஆக வேண்டும். இது மறுக்க முடியாதது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 30 அங்குல டயா, 24 கேஜ் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள். 30ஆம் நம்பர் நூலில் 2.9 மில்லிமீட்டர் லூப் வைத்தால் மண்டனின் ஈரத் தளர்வு எண்களின்படி சென்டிமீட்டருக்கு 14 நெடுவரிசை, 18 குறுக்கு வரிசை வரும். துணியின் சுற்றளவு 160 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ஒரு சுற்றில் ஏறும் உயரம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. சாய்வு இரண்டு டிகிரிக்கும் கீழே.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றை இந்தக் கட்சியினர் கவனிப்பதில்லை. ஃபீடரால் வரும் சாய்வு குறுக்கு வரிசையில் இருக்கிறது, துணி மெஷினை விட்டு இறங்கும்போதே முழு அளவில் இருக்கிறது. தண்ணீர் பட்டு அது வளர எந்தக் காரணமும் இல்லை. கோடு போட்ட துணியில் பக்கத் தையலில் கோடு பொருந்தாமல் போவதற்கு அது முழுப் பொறுப்பு. துவைத்தபின் தையல் நகர்வதற்கு அது நேரடிப் பொறுப்பாளி ஆவது கடினம். பிற்பாடு ஃபினிஷிங்கின்போது ஸ்டெண்டர் மெஷினில் குறுக்கு வரிசையை வலிந்து நேராக்கினால் மட்டுமே அந்த இரண்டு டிகிரி மறைமுகமாகத் தையலுக்குள் புகும். மெஷின் சுழலும் திசை நூலின் முறுக்கோடு சேர்ந்தோ எதிர்த்தோ மொத்தக் கோணத்தை மாற்றும் என்பது சரி. ஆனால் ஃபீடர் குறைந்த பழைய மெஷினில் ஓட்டினால் கோணல் போய்விடும் என்பது உற்பத்தியை இழந்து வாங்கும் சிறிய லாபம்.

லூப் நீளமும் கிலோவுக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கும்

நூலில் விசை இருந்தாலும் லூப் இறுக்கமாக இருந்தால் அது திரும்ப இடமில்லை. டெக்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தை லூப் நீளத்தால் வகுத்தால் வரும் இறுக்கக் காரணி இதை அளக்கிறது. 30ஆம் நம்பர் நூல் 19.7 டெக்ஸ். 2.9 மில்லிமீட்டர் லூப்பில் காரணி 15.3, 3.2 மில்லிமீட்டரில் 13.9. காரணி குறையக் குறையக் கோணல் கூடும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடுகின்றன.

அப்படியானால் இறுக்கிப் பின்னவேண்டியதுதானே? இங்கேதான் பொறியியலைவிடப் பேரம் பேசுகிறது. பின்னல் துணி இங்கே கிலோவில் விற்கப்படுகிறது, ஆடையோ பீஸ் கணக்கில். மேலே சொன்ன அதே நூலில் லூப்பை 2.9இலிருந்து 3.2 ஆகத் தளர்த்தினால், மண்டன் வாய்ப்பாட்டின்படி சதுர மீட்டர் எடை சுமார் 147 கிராமிலிருந்து 133 கிராமுக்கு இறங்கும். ஒரு கிலோவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் துணி. பையர் விலையைக் குறைக்கும் ஒவ்வொரு சீசனிலும் முதலில் கை வைக்கப்படுவது இந்தச் சதுர மீட்டர் எடையில், அதாவது ஜிஎஸ்எம்மில், என்பதில் வியப்பில்லை. 160 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் 140 என்று முடிவாகும்போது, அதே நூல் நம்பரை வைத்துக்கொண்டு லூப்பை மட்டும் தளர்த்தினால், கோணலும் சுருக்கமும் அந்தப் பேச்சுவார்த்தை மேசையிலேயே ஓரளவு தீர்மானமாகிவிடுகின்றன. மெல்லிய நம்பருக்கு மாறி இறுக்கத்தைக் காப்பாற்றலாம், ஆனால் மெல்லிய நூலுக்கு விலை அதிகம். ஆக மிச்சம் பிடித்த தொகை வேறொரு வாசல் வழியாக வெளியேறுகிறது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. இறுக்கிப் பின்னிய துணியும் முறுக்கிக்கொள்வதைப் பார்க்கிறோமே என்பார்கள். உண்மைதான். இறுக்கம் விசையை நீக்குவதில்லை, தடுத்துவைக்கிறது, அவ்வளவே. இறுக்கமான துணியில் கோணல் தாமதமாக, குறைந்த அளவில் வருகிறது. மேலும், அளவுக்கு மீறி இறுக்கினால் ஊசி உடையும், தொடுகை விறைக்கும். கோணலுக்கு ஏற்ற லூப் நீளம் என்று ஒற்றை எண் கிடையாது. நூலும் லூப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதே இந்த எதிர்ப்பு நமக்குச் சொல்வது.

ஈரமும் இழுவையும்

சாயப்பட்டறை மீதான குற்றச்சாட்டு பழையது, பாதி நியாயமானது. சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் துணி கயிறுபோல் திரண்டு மணிக்கணக்கில் சுற்றுகிறது. நனைந்த பருத்தி நார் குறுக்களவில் சுமார் 20 விழுக்காடு பருக்கிறது, நீளத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே மாறுகிறது. பருத்த நூல் லூப்பை வேறு வடிவத்துக்குத் தள்ளுகிறது, பழைய பிணைப்புகள் அவிழ்கின்றன, முறுக்கு விசைக்கு முதன்முறையாக வழி திறக்கிறது. அதே வேளையில் துணி நீளவாக்கில் இழுபடுகிறது. பிழிந்து, கயிற்றை விரித்து, காயவைக்கும்போது அந்த இழுவை துணியில் தங்கிவிடுகிறது. வீட்டில் வாளியில் நனையும்போது அது விடுபடும்.

எவ்வளவு விடுபடும் என்பதற்கு மண்டன் தொடங்கி, பின்னாளில் நேப்டன் தொடர்ந்த எண்களே நல்ல அளவுகோல். கம்பளி நூல் பின்னலில் லூப் அடர்த்தியைக் குறிக்கும் மாறிலி உலர்ந்த தளர்வில் 19, ஈரத் தளர்வில் 21.6, உருட்டி உலர்த்தியபின் முழுத் தளர்வில் 23.1. அதாவது உலர்ந்த நிலையில் ‘தளர்ந்துவிட்டது’ என்று நினைத்த துணியின் பரப்பு இன்னும் 18 விழுக்காடு குறைய இடமிருக்கிறது. பருத்திக்கு இந்த மாறிலிகள் இவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. சர்வதேசப் பருத்தி நிறுவனம் மான்செஸ்டரில் நடத்திய ஸ்டார்ஃபிஷ் ஆய்வுத் திட்டம் காட்டியது இதுதான்: ஈரப் பதனீட்டின் வகையே பருத்தித் துணியின் கடைசி அளவை மாற்றுகிறது, எனவே துவைத்துத் துவைத்து இனி மாறாது என்ற நிலையை முதலில் கண்டறிந்து அங்கிருந்து பின்னோக்கி லூப் நீளத்தையும் டயாவையும் முடிவுசெய்ய வேண்டும். 1980களில் வந்த இந்த முறை இன்றும் திருப்பூரில் ஆர்டர் பேசும் வரிசைக்குத் தலைகீழாக இருக்கிறது. இங்கே ஜிஎஸ்எம்மும் அகலமும் முதலில் எழுதப்படுகின்றன, துணி அதற்குள் அடக்கப்படுகிறது.

அடக்கும் கருவிதான் காம்பாக்டர். நெய்த பருத்தியை முன்கூட்டியே சுருக்கும் சான்ஃபரைசிங் முறைக்கு சான்ஃபோர்ட் க்ளூட் 1930இல் காப்புரிமை பெற்றார். அதே கருத்தைப் பின்னலுக்குக் கொண்டுவந்தது காம்பாக்டிங். நீளவாக்கில் துணியை நெருக்கித் தள்ளி, நீராவியும் அழுத்தமும் கொடுத்து நிறுத்துகிறது. நீளச் சுருக்கத்துக்கு இது நல்ல மருந்து. ஸ்பைராலிட்டிக்கு இதன் மருத்துவம் மேலோட்டமானது. லூப்பை நெருக்குகிறதே ஒழிய நூலின் முறுக்கு மீதியைத் தொடுவதில்லை.

சுவரோடு சுவர் ஒட்ட விரிக்கும் கம்பளத்தை இங்கே ஒப்பிடுவது பயன்தரும். மேலைநாட்டு வீடுகளில் அத்தகைய கம்பளம் சில ஆண்டுகளில் அலையலையாக எழும்புவது பெருங்குறை. ஈரப்பதம் ஏறி இறங்குவது, அடிப்பக்கத்து லேடெக்ஸ் பிணைப்பு விட்டுப்போவது, கனமான மேசை நாற்காலியை இழுப்பது என்று அதற்கும் காரணப் பட்டியல் நீளம். ஆனால் அத்தொழிலில் முதலில் சந்தேகிக்கப்படுவது, விரிக்கும்போது முழங்காலால் தள்ளும் சிறு கருவியை மட்டும் நம்பி, பவர் ஸ்ட்ரெச்சரால் போதிய அளவு இழுக்காமல் விட்டது. தீர்வும் அதுவே: ஓரத்து ஆணிப் பட்டையிலிருந்து கழற்றி, மறுபடி இழுத்து, மிஞ்சியதை வெட்டிப் பொருத்துவது. கம்பளம் இழுக்காததால் கெடுகிறது, பனியன் இழுத்ததால் கெடுகிறது. கம்பளத்துக்கு நான்கு சுவரும் ஆணிப் பட்டையும் உண்டு. இழுத்த நிலையிலேயே அதை வாழ்நாள் முழுதும் கட்டிவைக்கலாம். டி-ஷர்ட்டைப் பிடித்துவைக்க எந்தச் சுவரும் இல்லை. ஆகவே பின்னலில் இழுத்து நேராக்கும் எந்தத் தீர்வும் வாங்கியவர் வீட்டுத் தொட்டிவரைதான் தாங்கும்.

அப்படியென்றால் பட்டறையிலேயே நன்றாக நனைத்து, இழுவையில்லாமல் தளர்வு உலர்த்தியில் ஆட்டி உலர்த்திவிடலாமே? கோட்பாட்டளவில் சரியான விடை இது. வீரபாண்டியில் அதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு ஊர் முழுதும் மாறவேண்டியிருந்தது. வீரபாண்டியில் உள்ளது போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரைச் சவ்வு வழி வடித்து, மீந்த உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகின்றன. கூடுதலாக ஓர் அலசல் என்றால் அந்த நீர் முழுவதையும் திரும்ப மீட்கும் செலவும் கூடவே வருகிறது. ஆற்றைக் காக்கும் இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் தளர்வு முழுவதையும் சாயப்பட்டறையின் தலையில் சுமத்தும் தீர்வுகள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரெசின் கொடுத்து நாரைக் குறுக்குப் பிணைப்பால் கட்டிவிடுவது நீர் குறைந்த வழி. கோணல் குறையும். வலுவும் குறையும், ஃபார்மால்டிஹைடு வரம்பு கடுமையாக உள்ள குழந்தை உடைகளில் சிக்கலும் வரும்.

நேராக்குவதா, சாய்வோடு வெட்டுவதா

மிச்சமிருப்பது கடைசிக் கண்ணிகள். குழாயைக் கிழித்து விரித்த ஓப்பன் வித் துணியை ஸ்டெண்டரில் பின்களில் மாட்டி, சாய்ந்த வரிசையை நேராக்கி, சூடாக்கி இறக்குவது பரவலான வழக்கம். மேசைமேல் துணி அழகாக நேராக இருக்கும், கட்டிங் எளிது, இன்ஸ்பெக்ஷனில் தேறும். துவைத்தால் துணி தன் இயல்பான சாய்வுக்குத் திரும்பும். அந்தத் திரும்பலோடு தையலும் போகும். நேராக்குவதே இங்கே நோயை மறைத்து வைக்கிறது என்று சொல்லத் துணிகிறேன்.

டெனிம் தொழில் இதைத் தலைகீழாகக் கற்றது. ட்வில் நெசவின் சாய்வால் ஜீன்ஸ் கால் முறுக்கிக்கொண்டபோது, ரேங்க்ளர் நிறுவனம் சாய்வுத் திசையை இடையிடையே முறித்த ட்வில்லைத் தேர்ந்தது. மற்றவர்கள் துணியை அது எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே முன்கூட்டிச் சாய்த்து ஃபினிஷ் செய்தார்கள். போக வேண்டிய இடத்துக்கு முன்பே போய்விட்ட துணிக்குத் துவைத்தபின் போக வேறு இடம் இல்லை. பின்னலிலும் அதே தர்க்கம் செல்லும்: சாய்வை அனுமதித்து, தளர்ந்த நிலையில் லே போட்டு வெட்டினால் தையல் நகர்வு குறையும். மறுப்பும் உண்டு. கோடு போட்ட துணியில் சாய்வு புதுத் துணியிலேயே கண்ணில் படும், நெஞ்சில் அச்சடித்த படம் லூப் வரிசையோடு ஒட்டாமல் நிற்கும், கடையில் மடித்து வைத்தால் கோணல்போல் தோன்றும். ப்ளெய்ன் நிறங்களுக்குப் பொருந்துவது ஸ்ட்ரைப்புக்குப் பொருந்தாது. இதற்குப் பொதுவிதி எழுத முடியாது.

அளக்கும் முறையிலும் குழப்பம் உண்டு, அதைக் கடந்து செல்ல முடியாது. ஏஏடிசிசி 179, ஐஎஸ்ஓ 16322 ஆகியவை துவைப்பால் வரும் கோணலை அளக்கும் தரமுறைகள். சதுரம் வரைந்து, துவைத்து, இரு மூலைவிட்டங்களின் வித்தியாசத்தின் இருமடங்கை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். ஏற்றுமதி ஆர்டர்களில் 5 விழுக்காடுவரை பொறுப்பது பரவலான வழக்கம். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆடையில் அது மூன்றரை சென்டிமீட்டர் நகர்வு. ஆனால் நிட்டிங் கொட்டகைகளில் புரொட்ராக்டர் வைத்து டிகிரியில் பேசுவதும் உண்டு. 5 டிகிரி என்பது ஏறத்தாழ 8.75 விழுக்காடு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கையொப்பமிட்டவர், அனுமதிக்கப்பட்டதைவிட முக்கால் மடங்கு அதிகக் கோணலுக்கு ஒப்புக்கொள்கிறார். இன்னொன்று: நெடுவரிசைக்கும் குறுக்கு வரிசைக்கும் இடையிலான கோணத்தை அளந்தால் ஃபீடர் சாய்வும் அதில் சேர்ந்துவிடும், துவைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள மாற்றத்தை அளந்தால் சேராது. ஒரே துணிக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் தருவதற்கு இருவரில் ஒருவர் பிசகியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னும் தீராதவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், பருத்தி ரிங் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சியில் கோணலை அறவே நீக்கும் மலிவான வழி எதுவும் இதுவரை நிலைபெறவில்லை என்றே சொல்ல வேண்டும். பலன் தரக்கூடிய இடங்களை வரிசைப்படுத்தலாம்: நூலின் முறுக்கு மீதியை ஆர்டர் சீட்டிலேயே ஒரு நிபந்தனையாக எழுதுவது முதலாவது, ஜிஎஸ்எம்மைக் குறைக்கும்போது லூப்பைத் தளர்த்தாமல் நூல் நம்பரை மாற்றுவது அடுத்தது, சாயமேறாத கிரே துணியிலேயே சிறு துண்டை நனைத்துச் சோதித்து அந்த எண்ணைத் துணியோடு அடுத்த கண்ணிக்கு அனுப்புவது மூன்றாவது. மூன்றாவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அது பரவாததற்குக் காரணம் தொழில்நுட்பத்தைவிடப் பொறுப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதில் இருக்கலாம். தன் பட்டறையில் எழுதப்பட்ட எண் நாளைக்குத் தனக்கெதிரான ஆதாரமாகும் என்று தெரிந்தால், அதை எழுத எந்த ஜாப் ஒர்க்கரும் தயங்குவார். இந்த ஊகத்தைச் சோதிக்கக் களஆய்வு தேவை.

லைக்ரா சேர்ந்த ஜெர்சி இன்னொரு திறந்த கேள்வி. ஸ்டெண்டரில் வெப்பத்தால் நிலைப்படுத்திய எலாஸ்டேன் லூப்பை இறுக்கிப் பிடிப்பதால் கோணல் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எலாஸ்டேன் இழுவை ஃபீடருக்கு ஃபீடர் மாறினால் என்ன ஆகும் என்பதில் தெளிவு குறைவு. எத்தனை துவைப்புக்குப் பின் அளப்பது என்பதிலும் உடன்பாடில்லை. ஸ்டார்ஃபிஷ் ஐந்து சுற்றை அடிப்படையாகக் கொண்டது, வணிகச் சோதனைகள் பல ஒன்றோடும் மூன்றோடும் நின்றுவிடுகின்றன. கொடியில் காயவைக்கும் நாட்டுக்கும் டிரையரில் உருட்டும் நாட்டுக்கும் ஒரே எண் பொருந்துமா என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வி.

எல்லாவற்றிலும் புதியது மறுசுழற்சி நூல். கட்டிங் மேசையில் விழும் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி ரோட்டரில் நூற்ற நூல் இப்போது பனியன் துணிக்குள் அதிகமாக வருகிறது. ரோட்டர் நூல் என்பதால் கோணல் குறைய வேண்டும். கிழித்த நார் குட்டையானது, குட்டை நாரைப் பிடித்துவைக்க முறுக்கைக் கூட்ட வேண்டியிருக்கும், அப்படிக் கூட்டினால் விசையும் கூடும். இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது கலவை விகிதத்தையும் நாரின் நீளத்தையும் பொறுத்து மில்லுக்கு மில் மாறக்கூடும். கம்பளி நூலை வைத்து எழுதப்பட்ட மாறிலிகளையோ புதுப் பருத்தியில் கண்ட விகிதங்களையோ அந்த நூலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அதற்கான அளவீடுகளைத் தனியே எடுத்தாக வேண்டும்.